எண்ணூரின்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த முக்கால் மணி நேரமும்
ஐஸ் உருகி என் செருப்பில் வழிந்தது.
காசிமேட்டில் வாங்கியது, இருபது கிலோ.
துறையில் குளிர்விப்பான் செத்து ஒரு வருடம்.
மெத்தனாலை ஆவியாக்கித் திரும்பப் பிடிக்க
சங்கரா மீன் வாடையடிக்கும் இந்த ஐஸ்தான்.

கழிமுள்ளி. ஐந்து கிலோ இலை.
முகத்துவாரத்துக்கு உள்ளே, சாம்பல் படிந்த சேற்றில்,
இடுப்பளவு தண்ணீரில் நின்று
தேசம்மாதான் அறுத்துக் கொடுத்தாள்.
இறால் தடவும் விரல்கள். முள்ளைப் பொருட்படுத்தவில்லை.
"இன்னா கீது இதுல?"
"தெரியாது. அதுக்குத்தான்."
"தெரியாததுக்கா அஞ்சு கிலோ?"

நிழலில் காய்ந்து ஒன்றேகால் கிலோ ஆனது.
ஊறி, வடிந்து, சுண்டியபின்
தொண்ணூறு கிராம் கரும்பச்சை,
தார் மாதிரி, குடுவையை விட்டு வராத பிடிவாதம்.

எங்கள் கூடத்தில் காலம் என்றால் கண்ணாடிக் குழாய்.
ஒரு மீட்டர் நீளக் காலம்,
உள்ளே சிலிக்கா, மாவு போல.
காலம் காய்ந்துவிடக் கூடாது.
காலத்தில் விரிசல் விழக் கூடாது.
மே மாதத்து ஹெக்சேன் ஒரு குமிழி விட்டால்
பத்து நாள் உழைப்பு குறுக்கே பிளந்துபோகும் என்று
ஈரத்துணி சுற்றி, இரவெல்லாம் பக்கத்திலேயே.
தண்டையார்பேட்டை டாங்குகளுக்குப் போகும் சரக்கு ரயில்
போகும்போதெல்லாம் குழாயைத் தொட்டு நடுக்கிவிட்டுப் போனது.
மேலே பச்சை தங்கிற்று.
மஞ்சள் அதிலிருந்து கழன்று, தயங்கி, இறங்கிற்று.
சொட்டு. சொட்டு. குழாய் மாற்று. எண் எழுது.

முப்பத்தேழில்
தகட்டின் மேல் ஒற்றைப் புள்ளி.
புற ஊதா விளக்கின் கீழ் கறுத்து, வட்டமாய்,
வால் இல்லாமல்.
பதினொரு மில்லிகிராம். நிறமற்ற எண்ணெய்.

யாரிடமும் சொல்லாமல் பெயர் வைத்தேன்.
சேர்மங்களின் பெயர் பெரும்பாலும் 'இன்' என்று முடியும்:
எண்ணூரின்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
தமிழில் அது முடியாமல் நின்றது.
எண்ணூரின்...
எது?

மூன்று வாரம் கழித்து நிறமாலை வந்தது.
நூற்று நாற்பத்தொன்பதில்
மற்றதையெல்லாம் குள்ளமாக்கி ஒரு கோடு.
இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குச்
சொந்த வீட்டுக் கதவு எண் மாதிரி அது.
பிளாஸ்டிக்கை வளையவைக்கும் எண்ணெய்.
ஓஸ் பைப்பில் இருப்பது. மழைக்கோட்டில் இருப்பது.
ஆஸ்பத்திரியில் தலைக்கு மேல் தொங்கும் பையில் இருப்பது.
"கேன்லேர்ந்து எறங்கியிருக்கும், தூக்கிப் போடும்மா,
எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார் அருமைநாதன் சார்,
எனக்கு முன்னால் நான்கு பேருக்குச் சொல்லிப் பழகிய குரலில்.

போடவில்லை.
இலை இல்லாமல் அத்தனையும் மறுபடி செய்தேன்.
அதே கேன், அதே குடுவை, அதே காலம்,
அதே மீன் வாடை ஐஸ்.
கடைசியில் குப்பியில் மிஞ்சிய ஒன்றுமில்லாததை
லேபிள் ஒட்டி,
என் கைக்காசு கட்டி அனுப்பினேன்.

ஒன்றுமில்லை என்றே பதில் வந்தது.
நூற்று நாற்பத்தொன்பதில் சலனமே கிடையாது.

அப்படியென்றால் இலை.
இலை குடித்த தண்ணீர்.
அவள் இடுப்பளவு நின்றுகொண்டிருந்த தண்ணீர்.

போனில் கேட்டாள்: "இன்னா, பேர் வெச்சிட்டியா?"
"வெச்சேன். அது ஏற்கெனவே இருக்கிறதுதான்."
"அத்த சொல்றதுக்கா இவ்ளோ நாளு?"
பின்னால் யாரோ வலை உதறும் சத்தம்.
தண்ணீரைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று
யோசிப்பதற்குள்
ஓதம் ஏறுது, வெச்சிர்றேன் என்றாள்.

அறுபத்திரண்டாம் குழாயின் அடியில்
மூன்று மில்லிகிராம், மஞ்சள் ஊசிகள்.
இதுவரை எந்தப் பட்டியலோடும் பொருந்தவில்லை.
இந்த முறை பெயர் வைக்கவில்லை.
தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன்,
கண்ணாடிப் பாட்டில்.

நாளைக்கும் இருபது கிலோ ஐஸ் வேண்டும்.
கேட் மூடுவதற்குள் தாண்ட வேண்டும்.